நெகிழ்தண்டும் தோள்வலியும்

"தோள்வலி" என்னுஞ் சொல்லை இன்றைய மாணவன் ஒருவனிடங் கூறினால், அவன் உடனே தைலத்தையும் வைத்தியரையும் நினைப்பான். பழைய இலக்கியங்களைப் பயின்றவனோ அதே சொல்லில் தோளின் ஆற்றலைக் காண்பான். வலி என்னும் ஒரு சொல்லே வன்மையையும் நோவையும் உணர்த்தி நிற்றல் நம் மொழியில் அமைந்ததொரு பொருத்தமாகும். தோளைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் அயல்வீட்டார் போன்றன. வன்மையை நாடி முறையறியாது முயல்வோன் நோவின் வாயிலிற் போய் நிற்பதை விளையாட்டுத் திடல்களில் ஆண்டுதோறுங் காண்கின்றோம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 48ஆம் அதிகாரத்தை வலியறிதல் என வகுத்து, அதனையடுத்து 49ஆம் அதிகாரத்தைக் காலமறிதல் என வைத்தார். அவை அரசியலை நோக்கி எழுந்தனவேனும், வலியை அறிந்தபின் அவ்வலி பயன்படுங் காலத்தையும் அறிதல் வேண்டும் என்னும் முறை உடற்பயிற்சிக்கும் ஒக்கும். யாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதே. நெகிழ்தண்டு என்னுங் கருவியைச் சில நிமிடம் அசைத்தபின் கைக்கு உடனே வருவதாகச் சொல்லப்படும் ஆற்றல் யாது? அஃது எங்கிருந்து வருகின்றது? எத்துணைப் பொழுது நிலைக்கும்? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்றவரை விடை காண்போம்.

தமிழ் கற்பிக்கும் யாம் உடற்பயிற்சியைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், வகுப்பறை மணி ஓய்ந்தபின் மைதானத்தில் மாணவரோடு நிற்பதும் ஆசிரியர் கடமையே. அங்கே, "ஐயா, இந்தத் தண்டை ஆட்டினாற் பந்து வேகமாய்ப் போகுமாமே, மெய்தானா?" என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லவேண்டியவர் நாமே. விளம்பரஞ் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லுதல் விடையாகாது. விளம்பரம் என்பதற்காக முழுதும் பொய்யென்று தள்ளுதலும் விடையாகாது.

கருவியின் அமைப்பு

1991ஆம் ஆண்டில் அமெரிக்க இயன்மருத்துவராகிய புரூஸ் ஹைமன்சன் என்பார் "பொடிபிளேட்" என்னுங் கருவியை ஆக்கினார். அது நடுவிற் கைப்பிடியும் இருபுறமும் மெலிந்து செல்லும் தட்டையான அலகும் உடையது. பின்னர் ஜேர்மனி நாட்டிலிருந்து "பிளெக்சிபார்" என்னும் உருண்டைத் தண்டு வந்தது. கண்ணாடியிழையாலான அத்தண்டு ஏறக்குறைய 1½ மீற்றர் நீளமுடையது. நடுவே இறப்பர்ப் பிடியும் ஈற்றில் இரு சிறு பாரங்களுங் கொண்டது. நிறையோ ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தது. இவைபோன்ற கருவிகள் யாவற்றையும் நெகிழ்தண்டு என்னும் ஒரே பெயராற் குறிப்போம்.

இதனைக் கையிற் பிடித்து வெறுமனே நிற்பவனுக்கு யாதொரு பயிற்சியும் இல்லை. பிடியைச் சிறிதளவு முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்க, இரு முனைகளும் வளைந்து அலையத் தொடங்கும். தள்ளும் வேகம் தண்டின் இயல்பான வேகத்தோடு ஒத்துவரின் அலைவு பெருகும். ஒவ்வாதாயின் அலைவு கலைந்து மடியும். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை அவ்வூஞ்சல் திரும்பும் நொடி பார்த்து மெல்லத் தள்ளுவோன் பெரிய வீச்சைப் பெறுகின்றான். கண்டபடி தள்ளுவோன் கைநோவைப் பெறுகின்றான். பௌதிகவியலார் பரிவு என்று கூறுவது இதனையே. பொடிபிளேட்டின் இயல்பு மீடிறன் செக்கனுக்கு 4.5, அதாவது நிமிடத்துக்கு 270 அலைவுகள். உருண்டைத் தண்டின் மீடிறனும் செக்கனுக்கு 5இற்கு அணித்தாகவே உள்ளது.

நெகிழும் தண்டு நம்மவர்க்கு முற்றும் புதிதன்று. இருமுனையிலுஞ் சுமை தொங்கக் காவுதடியைத் தோளில் வைத்துத் துள்ளுநடை நடந்தோரை நம் முன்னோர் நன்கறிவர். இத்தகைய தண்டை ஆராய்ந்த றொஜர் கிறாம் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சுமையோடு ஓடுவோரின் தோளில் விழும் உச்ச விசை நெகிழும் தண்டினாற் குறைகின்றது என்றும், ஆயினும் உடல் செலவிடுஞ் சத்தி குறைவதில்லை என்றும் 1991இற் காட்டினார். அங்கே தண்டின் இயல்பான அலைவு ஓடுவோனின் அடிவைப்பினும் மெதுவானது. ஆதலின், உடல் ஏறி இறங்கினும் சுமை பெரும்பாலும் ஒரே மட்டத்திற் செல்கின்றது. உடற்பயிற்சித் தண்டிலோ கையின் தாளமுந் தண்டின் தாளமும் ஒன்றாகின்றன. ஆதலின் அலைவு வளர்கின்றது. முன்னையது நெகிழ்ந்து தோளைக் காக்கின்றது. பின்னையது நெகிழ்ந்து தோளைத் தொழில்செய்ய ஏவுகின்றது.

சிறு தண்டு பெரிதாய் இழுப்பது எங்ஙனம்?

உயர்தர வகுப்பு மாணவர் இதனைக் கணித்தறியலாம். எளிய இசை இயக்கத்தில் உச்ச ஆர்முடுகல், மீடிறனை 2π ஆற் பெருக்கி, அதனை வர்க்கித்து, வீச்சத்தாற் பெருக்க வரும். மீடிறன் 4.5 எனவும் முனையின் வீச்சம் 10 சென்ரிமீற்றர் எனவுங் கொள்வோமாயின், ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு ஏறக்குறைய 80 மீற்றர் ஆகும். இது புவியீர்ப்பினால் வரும் ஆர்முடுகலின் 8 மடங்குக்கு மேற்பட்டது. முனையில் உள்ள பாரம் 100 கிராம் என்க. அதனைத் திருப்புதற்கு 8 நியூற்றன் விசை வேண்டும். இருமுனைக்கும் 16 நியூற்றன். வீச்சத்தை 20 சென்ரிமீற்றராக்கின் அதுவும் இருமடங்காகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, இக்கருவியின் கடுமை அதன் நிறையைப் பொறுத்ததன்று. ஆட்டுவோன் எழுப்பும் வீச்சத்தைப் பொறுத்தது. ஒரே தண்டு சிறுவனுக்கு மெல்லியதாகவும் மல்லனுக்கு வலியதாகவும் அமையும். இரண்டாவது, இழுப்பின் திசை ஒவ்வோர் அலைவிலும் இருமுறை மாறுகின்றது. ஆதலின் செக்கனுக்கு 9 தடவை தோள் எதிர்த்திசையில் விடையிறுத்தல் வேண்டும். பாரந் தூக்குவோன் ஒரு திசையில் ஒரு சுமையை எதிர்க்கின்றான். நெகிழ்தண்டை ஆட்டுவோனோ இங்குமங்கும் விரைந்து மாறுகின்ற ஒரு சுமையை எதிர்க்கின்றான். முன்னதிற் பெரு வன்மை வேண்டும். பின்னதில் ஒழுங்கும் விரைவும் வேண்டும்.

தோளின் நிலைமை

இத்தகைய பயிற்சி பிற மூட்டுக்களினுந் தோளுக்கே பெரிதும் பொருந்துவது ஏன்? இடுப்பு மூட்டில் தொடையென்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துட் செறிந்து கிடக்கின்றது. தோள் மூட்டிலோ புயவென்பின் உருண்ட தலை பெரியது. அது பொருந்தும் குழி சிறியது, ஆழமற்றது. எந்நிலையிலும் அத்தலையின் கால்வாசி அல்லது மூன்றிலொரு பங்கே குழியோடு தொட்டு நிற்கும். சிறு தட்டில் வைத்த தேசிக்காய் போன்ற நிலை இது. கையை மேலே உயர்த்தவும் பின்னே வளைக்கவும் சுழற்றவும் இயலுதல் இவ்வமைப்பின் பயன். எளிதில் நிலைகுலைதல் இதன் விலை.

என்பு தராத உறுதியைத் தசை தருகின்றது. தோட்பட்டை என்பிலிருந்து எழுந்து புயவென்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகச் சூழ்ந்து பற்றும் 4 சிறு தசைகள் உள. கையை வீசும் பெருந்தசைகள் தேரை இழுக்குங் குதிரைகளாயின், இந்நான்கும் சில்லு கழலாமற் காக்கும் கடையாணிகளாகும். இவற்றுக்கு அடித்தளமாகிய தோட்பட்டை என்போ உடற்கூட்டோடு காறையென்பு வழியாக மட்டுமே மூட்டுறவு கொண்டது. மற்றெல்லாம் தசைப் பிணைப்பே. விலாவிலிருந்து வரும் வாட்பல் போன்ற தசையும் முதுகிலிருந்து வரும் சரிவகத் தசையும் அதனை இழுத்து நிறுத்துகின்றன. பந்து வீசுவோனும் ஈட்டி எறிவோனும் கரப்பந்தை அடிப்போனும் பெருந்தசைகளை வளர்த்து, காக்குந் தசைகளை மறப்பின், தேர் ஓடும். ஆயின் எத்துணைத் தூரம் ஓடும் என்பது ஐயமே.

நெகிழ்தண்டு தொழில்கொள்வது பெரும்பாலும் இக்காக்குந் தசைகளிடமே. தசை மின்பதிவினால் இதனை அளந்துள்ளனர். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெகிழ்தண்டு, மணிக்கட்டுப் பாரம், இறப்பர்ப் பட்டி என்னும் மூன்றினையுங் கொண்டு விளையாட்டு வீரர் தோளை அசைத்தபோது, தோட்பட்டையை நிறுத்தும் தசைகளின் மின்தொழிற்பாடு நெகிழ்தண்டிலேயே மிகுந்து காணப்பட்டது. ஆகவே, தண்டு அசையும்போது தசை நன்கு தொழிற்படுகின்றது என்பதில் ஐயமில்லை. அசைத்து முடித்து, தண்டை வைத்துவிட்டுப் பந்தை எடுக்கும்போது யாது நிகழும் என்பதே நம் வினா.

உடனடிப் பயன் வரும் வழிகள்

அப்பயன் வருமாயின் மூன்று வழிகளால் வரலாம்.

முதலாவது வெப்பம். தொழிற்படுந் தசை சூடேறுகின்றது. சூடேறிய தசை விரைந்து சுருங்குகின்றது. அஸ்முசன், போயே என்னும் டென்மார்க்கு அறிஞர் இருவர், உடலைச் சூடேற்றியபின் குறுகிய நேரக் கடும்வேலை விரைவாக முடிகின்றது என்பதை 1945இலேயே நிறுவினர். தசையின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் விரைவாற்றல் நூற்றுக்குச் சில பங்கு ஏறும் என்பது பின்னையோர் கண்டது. இவ்வெப்பம் உடனே நீங்குவதன்று. ஓய்ந்திருப்பின் பத்துப் பதினைந்து நிமிடத்திற் படிப்படியாகக் குறையும். ஆயின் இப்பயன் நெகிழ்தண்டுக்கே உரியதன்று. மெல்லோட்டமுங் கைவீச்சும் இதனைத் தரும். நம் நாட்டு வெயிலில் ஏற்கெனவே வியர்த்து நிற்போனுக்கு இவ்வழியால் வரும் ஊதியம் சிறிதே.

இரண்டாவது, தசையின் உள்ளே நிகழும் குறுங்கால மாற்றம். வலிந்து சுருங்கிய தசை, அச்சுருக்கத்தின் சுவடு நீங்குமுன் மீண்டும் ஏவப்படின், முன்னையினும் வலிதாக விடையிறுக்கும். தசையிழையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தின் ஒரு பகுதியிற் பொசுபேற்றுச் சேர்தலே இதன் காரணம். இது மெய், ஆயின் மிகக் குறுகிய வாழ்வுடையது. சில நிமிடத்தில் அச்சேர்க்கை அகலும். 5 நிமிடங் கழித்து அதிற் பெரும்பகுதி எஞ்சாது. அன்றியும், இம்மாற்றம் வலிய சுருக்கத்தின்பின்னரே தெளிவாய்த் தோன்றும். மெல்ல ஆட்டிய தண்டு அதனைப் பெரிதாய் எழுப்பும் என எதிர்பார்த்தற்கில்லை.

மூன்றாவது, நரம்பின் ஒழுங்கு. தசையினுள் அதன் நீட்சியை உணரும் நுண்கதிர்கள் உள. கை எங்கே இருக்கின்றது, எவ்வளவு விரைவாக அசைகின்றது என்பதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. செக்கனுக்கு 9 தடவை திரும்பும் இழுப்பை எதிர்க்கும்போது அவ்வறிவிப்பும் விடையும் இடையறாது நிகழ்கின்றன. அத்தொழிலினின்று நேரே எறிதலுக்குச் செல்வோனின் காக்குந் தசைகள் ஆயத்தமாய் நிற்கும் என நம்புதற்கு நியாயம் உண்டு. நெகிழ்தண்டின் சிறப்பு ஏதேனும் உளதாயின், அது பெரும்பாலும் இவ்வழியிலேயே உளது. ஆகவே, எறியுந் தூரத்தினும் எறியும் ஒழுங்கிலும் குறியிலும் அதன் பயனைத் தேடுதல் பொருத்தமாகும்.

இவ்விடத்து ஒரு மயக்கத்தை அகற்றுதல் வேண்டும். ஹக்பார்த், எக்லுண்ட் என்னும் சுவீடிய அறிஞர், தசையையோ நாணையோ விரைந்து அதிரச் செய்யின் அத்தசை தன்வயமின்றிச் சுருங்கும் என்பதை 1966இல் விளக்கினர். அத்தெறிவினையை எழுப்பச் செக்கனுக்கு நூறளவான அதிர்வுகளைப் பயன்படுத்துவர். மேடையில் நின்று உடலை அதிரச் செய்யும் பொறிகள் செக்கனுக்கு 20 முதல் 50 வரை அதிர்வன. நெகிழ்தண்டோ 5 அலைவே அலைகின்றது. "அதிர்வு" என்னும் ஒரு சொல் இம்மூன்றுக்கும் வழங்கப்படுதலால், ஒன்றிற் கண்ட பயனை மற்றொன்றின் மேலேற்றிக் கூறுவாருளர். சொல் ஒன்றாதலாற் பொருளும் ஒன்றாகிவிடாது. தண்டின் செய்கையை அலைவு என்றே வழங்கின் இம்மயக்கம் நீங்கும்.

எது வாராது?

சில நிமிட ஆட்டத்தால் தசை பருக்காது. புதிய வன்மை பிறவாது. மொரித்தானி, டி விறீஸ் என்னும் ஆய்வாளர் 1979இற் காட்டியவாறு, பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் ஏறும் வன்மைகூடப் பெரும்பாலும் நரம்பின் பயிற்சியால் வருவது. தசை பருத்தலின் பங்கு அதன்பின்னரே மேலோங்குகின்றது. வாரங்கள் வேண்டுவதொன்றை நிமிடங்கள் தரமாட்டா. உறங்குவோனைத் தட்டி எழுப்புதல் வேறு. அவனுக்கு உணவூட்டி உடம்பை வளர்த்தல் வேறு. எழுந்தவன் விரைந்து தொழில் செய்வான். ஆயின் அவன் உறங்குமுன் இருந்த அதே மனிதனே.

மேலும், எழுப்புதற்கும் அளவுண்டு. எந்தச் சுருக்கம் தசையை ஆயத்தப்படுத்துகின்றதோ அதே சுருக்கம் அதனைக் களைப்பிக்கவுஞ் செய்கின்றது. இவ்விரண்டும் ஒரே வேளையில் வளர்கின்றன. குறைவாக ஆட்டின் ஆயத்தம் போதாது. மிகையாக ஆட்டின் களைப்பு ஆயத்தத்தை விழுங்கிவிடும். அதிலும் களைப்பது யார்? மேலே கண்ட கடையாணிகளே. காக்குந் தசைகளைக் களைப்பித்துவிட்டு முழுவிசையோடு பந்து வீசப் புகுதல், ஆணியைத் தளர்த்திவிட்டுத் தேரை ஓட்டுதல் போன்றது.

உடனடிப் பயனை ஆராய்ந்தோர் அனைவரும் ஒரே முடிவுக்கு வாராமையின் காரணமும் இதனால் விளங்கும். ஆட்டிய நேரம் வேறு, ஓய்ந்த நேரம் வேறு, அளந்த பொருள் வேறு. பங்குபற்றியோர் தொகையும் பெரும்பாலுஞ் சிறிது. ஒருவர் கைப்பிடியின் வன்மையை அளக்க, மற்றொருவர் மூட்டின் நிலையுணர்வை அளக்கின்றார். ஆகவே, "பயனுண்டு" என்பாரையும் "பயனில்லை" என்பாரையும் நோக்கி, "எதற்கு, எவ்வளவு ஆட்டியபின், எத்தனையாம் நிமிடத்தில்?" என்று வினாவுதல் அறிவுடைமை.

நாமே செய்யத்தக்க சோதனை

இவ்வினாவுக்கு ஓரளவு விடையை நம் மைதானத்திலேயே காணலாம். மாணவர் பன்னிருவர், ஒரு நெகிழ்தண்டு, அதே நீளமும் நிறையுமுள்ள வளையாத தடி ஒன்று, 2 கிலோகிராம் நிறையுள்ள பந்து ஒன்று, அளவுநாடா, கடிகாரம் என்பன போதும். நாற்காலியில் முதுகு சாய்ந்திருந்து, இரு கைகளாலும் நெஞ்சிலிருந்து பந்தைத் தள்ளும் தூரத்தை அளப்போம். இருந்து எறிவதால் காலின் வலி கலவாது.

ஒருநாள் ஐந்து எறிகளை அளந்தபின், மாணவன் நெகிழ்தண்டை 30 செக்கனாக மூன்று முறை, இடையிடையே ஒரு நிமிடம் ஓய்ந்து ஆட்டுக. பின்னர் முதலாம் நிமிடத்தில் ஐந்து எறிகளையும், மீண்டும் 15ஆம் நிமிடத்தில் ஐந்து எறிகளையும் அளக்க. சில நாள் கழித்து, அதே பொழுதில், வளையாத தடியைக்கொண்டு அவ்வண்ணமே செய்க. எத்தடி முதலில் என்பதை நாணயஞ் சுண்டித் தீர்க்க. அளப்பவன் அன்று எத்தடி ஆட்டப்பட்டது என்பதை அறியாதிருத்தல் வேண்டும். அறியின், தன் விருப்பத்துக்கேற்ப நாடாவைச் சிறிது முன்னே பிடிப்பான், தான் அங்ஙனஞ் செய்வதைத் தானே அறியாமல்.

வளையாத தடி ஏன் என ஒருவன் வினவலாம். ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். எண்கள் விளக்கத்திற்காக யாம் புனைந்தவை. ஒருவன் நெகிழ்தண்டுக்கு முன் எறிந்த ஐந்து தூரங்கள் 4.10, 4.25, 4.15, 4.30, 4.20 மீற்றர் என்க, சராசரி 4.20. பின் எறிந்தவை 4.20, 4.35, 4.25, 4.30, 4.40 என்க, சராசரி 4.30. 10 சென்ரிமீற்றர் ஏற்றம்! விளம்பரம் எழுதுவோன் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்வான். நாமோ மற்றைநாட் கணக்கையும் நோக்குவோம். வளையாத தடிக்கு முன் சராசரி 4.20, பின் 4.27 எனின், 7 சென்ரிமீற்றர் ஏற்றம் கைச்சூட்டாலும் எறிந்து பழகியதாலும் வந்தது. நெகிழ்ச்சியின் பங்கு எஞ்சிய 3 சென்ரிமீற்றரே. இனி, ஒன்றும் ஆட்டாதபோதே அவன் எறிகள் 4.10இற்கும் 4.30இற்கும் இடையே, 20 சென்ரிமீற்றர் அளவில் ஏறி இறங்கின. அவ்வேற்றத்தாழ்வினிடையே ஒருவனின் 3 சென்ரிமீற்றரை நம்பி முடிவு கூறல் இயலாது. பன்னிருவருள் பெரும்பாலோர்க்கும் அதே திசையில் வேறுபாடு தோன்றின், அப்போது பேசலாம். தோன்றாவிடின் அதனையும் ஒளியாது குறித்தல் வேண்டும். விரும்பிய எண்ணை வைத்துக்கொண்டு விரும்பாத எண்ணை அழிப்பவன் விஞ்ஞானத்திலும் தேறான், ஒழுக்கத்திலுந் தேறான்.

நம்பிக்கை என்பதும் ஒரு வலியே. "இது எனக்கு உதவும்" என்று எண்ணுவோன் சற்று ஊக்கமாக எறிவான். அதனை முற்றும் விலக்குதல் அரிது. ஆயினும் இரு தடிகளையும் ஒரே முகத்தோடு, ஒரே சொற்களோடு கொடுத்தல் ஆசிரியர்க்கு இயலும்.

பயன்படுத்தும் முறை

முதலில் ஓடியுங் கைகளைச் சுழற்றியும் உடலைச் சூடேற்றுக. முழங்கால் சிறிது மடிய, வயிற்றுத் தசையைச் சற்று இறுக்கி, தோள்களைக் காதை நோக்கி உயர்த்தாது நிற்க. மூச்சை அடக்குதல் கூடாது. தண்டின் முனை பிறர் முகத்துக்கெட்டாத இடைவெளி வேண்டும். தொடங்குவோன் 15 செக்கனே ஆட்டுக. தாளங் குலைந்தவுடன் நிறுத்துக. குலைந்தபின் ஆட்டுவது பயிற்சியன்று. கனடா நாட்டு வாட்டலூப் பல்கலைக்கழகத்தில் ஸ்ருவேட் மக்கில் குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, தண்டைப் பிடிக்குந் திசையும் ஆட்டுந் திறமையும் மாறும்போது, இடுப்பு முதுகில் விழும் அமுக்கமும் மாறும் என்று காட்டுகின்றது. ஆதலின் முதுகு நோவுள்ளோர் பெருவீச்சு ஆட்டத்தை நாடாதிருத்தல் நன்று.

துடுப்பாட்டத்திற் பந்து வீசப் புகுவோன், தண்டை ஆட்டிவிட்டு ஒரு மணி நேரம் நிழலில் இருப்பானாயின் ஆட்டியது வீணே. பந்து கைக்கு வருதற்குச் சில நிமிடம் முன்னர்ச் சிறிதளவு ஆட்டி, பின் மெல்லெறியிலிருந்து வல்லெறிக்குச் செல்லுதல் முறை. காலமறிதல் என்று மேலே கூறியது இதுவே. தண்டு, மெல்லெறிகளுக்கு மாற்றாகாது. எறிதலுக்கு உரிய ஆயத்தம் எறிதலிலேயே முடிதல் வேண்டும். வன்மையை வளர்க்க விரும்புவோன் போட்டியில்லாத நாட்களில், வாரம் இரண்டு மூன்று முறை, திங்கள் பலவாகத் தண்டும் பட்டியும் பாரமுங் கொண்டு முறையாகப் பயில்க.

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு சொல். தலை சீவக் கை உயராமலும், சட்டை அணியக் கை பின்செல்லாமலும் இறுகும் தோள் நோய் நடுவயதின் பின் வருவதுண்டு. நீரிழிவு உடையோர்க்கு அது மிகுதியாக வருகின்றது. அத்தகைய தோளைத் தண்டால் ஆட்டித் தீர்க்க முயலாது, வைத்தியரையும் இயன்மருத்துவரையும் முதலிற் காண்க. இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் நோவும், விழுந்தபின் கை உயராமையும் காலந்தாழ்த்தத் தக்கன அல்ல. மாணவரும், "நோவின்றி வன்மையில்லை" என்னும் வீண்பேச்சை நம்பித் தோள் நோவை மறைத்து விளையாடுதல் கூடாது. வளரும் பருவத்தில் என்பின் வளர்தட்டு இன்னும் மூடியிராது. அப்பருவத்தில் இடைவிடாது எறிந்து வரும் நோவை ஓய்வே முதலில் ஆற்றும்.

முடிவாக

நெகிழ்தண்டு நல்லதொரு கருவி. அது தோளின் காக்குந் தசைகளைத் தொழிற்படுத்துகின்றது. சில நிமிடம் கையை ஆயத்தமாக்கக் கூடியது. அவ்வாயத்தம் சிறிது; அதன் வாழ்நாள் குறுகியது; அதிற் பெரும்பங்கு வேறு எளிய வழிகளாலும் பெறக்கூடியது. இவ்வளவினை அறிந்து கைக்கொள்வோன் ஏமாறான். தண்டை வாங்க வசதியில்லாத பாடசாலைப் பிள்ளையும், "எனக்கு அக்கருவி இல்லையே" எனச் சோர்தல் வேண்டா. மெல்லோட்டமும் முறையான கைவீச்சும் படிப்படியான எறிதலும் விலையின்றி வருவன; வெற்றியின் பெரும்பகுதி அவற்றிலேயே உளது.

ஒரு பொருளைப் பற்றி நால்வர் நான்கு விதமாகக் கூறும்போது, "அளந்து பார்ப்போம்" என்று எழும் மாணவனே கல்லூரி தரக்கூடிய கல்வியைப் பெற்றவன். இம்மலரைப் படிக்கும் பிள்ளைகளுள் எவரேனும் மேற்கூறிய சோதனையைச் செய்து, கண்ட எண்களை ஒளியாது எழுதிக் காட்டுவாராயின், முடிவு எதுவாயினும் அதனை யாம் மகிழ்வோடு ஏற்போம். வலியை அளந்தறிவோன் கையில் வலி நோவாகத் திரிவதில்லை.